மூன்றாம் நம்பர் பிரஸ்

கப்பலூர் சிட்கோவில் ரப்பர் வாஷர் செய்கிறோம்.
பம்புக்குள் போய் ஒளிந்துகொள்ளும்,
ஒழுகினால் மட்டும் ஞாபகம் வரும் சாமான்.
என் பதவிக்குப் பெயர் நீளம்: உற்பத்தித் திட்டமிடல்.
கையில் இருப்பது ஒரு ஸ்டாப்வாட்ச், பரீட்சை அட்டை,
அட்டையில் நூல் கட்டித் தொங்கும் பென்சில்.

முதல் நாள் மில் பக்கம் நின்றேன்.
கறுப்பு மாவைப் பிசைந்து பிசைந்து
பாய் பாயாய் அடுக்கிக்கொண்டிருந்தான் ஜெபஸ்டின்.
"நம்ம செக்சன் நூத்துக்கு நூறு மேடம்."
உண்மைதான்.
அவன் அடுக்கியது நடைபாதையை அடைத்து,
தீயணைப்பு வாளியை மறைத்து,
போன மாதத்தின் மேல் இந்த மாதம் ஏறி உட்கார,
அடிப்பாய் இறுகி, எதற்கும் ஆகாமல் கிடந்தது.

எல்லாம் போய் நிற்பது மூன்றாம் நம்பர் பிரஸ்ஸில்.
அச்சுக்குப் பன்னிரண்டு குழி.
ஏழு நிமிஷம் சூட்டில் வேக வேண்டும்.
ஆறில் திறந்தால் மேலே பளபளப்பு, நடுவே பச்சை.
ஓசூர் போன லாரி அப்படியே திரும்பி வரும்.
முதலாளி பக்கத்தில் வந்து நின்றாலும்
ஏழு ஏழுதான்.

என் அட்டை பதினொன்று என்றது.
மறுபடி எண்ணினேன். பதினொன்று.
மிச்ச நாலு நிமிஷம் எங்கே போகிறது?
நடந்து போகிறது.
அச்சு வாயைப் பிளந்துகொண்டு ஆறிக்கொண்டிருக்க,
வெட்டிய துண்டுகளுக்காக இருளப்பன்
ஸ்டோருக்கு நாற்பத்தொரு தப்படி.
சாவிக்காரர் டீக்கடையில்.
திரும்பி நாற்பத்தொன்று.

மில்லை ரெண்டு மணிக்கு நிறுத்தச் சொன்னேன்.
ஏழு முடியுமுன்னே தட்டும் துண்டுமாய்
ஜெபஸ்டின் பிரஸ் பக்கத்தில் நிற்க வேண்டும்.
கண்ணாடி அறையிலிருந்து பார்த்தார் ரெங்காராம் சார்.
ஓடாத மில் அவருக்கு, மூடாமல் விட்ட குழாய்.
"மெஷினும் சும்மா, ஆளும் சும்மா.
பேங்க் வட்டி சும்மா நிக்குமாம்மா?"

விருதுநகர்ல இருந்து வந்தீங்களே சார்,
எத்தனையில வந்தீங்க?
"நூத்திப் பத்து."
டோல்கேட்ல எவ்வளவு நேரம் நின்னீங்க?
"இருபது நிமிஷம்..."
அதற்கு மேல் நான் பேசவில்லை.
அவரும் பேசவில்லை. ஒரு வாரம் தந்தார்.

வெள்ளிக்கிழமை போர்டில்
நானூற்றெண்பதை அழித்து அறுநூறு எழுதினேன்.
யாரும் ஓடவில்லை.
"ராத்திரி கால் கடுக்கல மேடம்" என்றான் இருளப்பன்.
அதை எழுத அட்டையில் கட்டம் இல்லை.

சனிக்கிழமை, ஓரம் வெட்டும் மேசையில் குவியல்.
நேற்றுவரை சரக்குக்குக் கை காத்திருந்த இடம்.
அடைப்பு சாவதில்லை,
வீடு மாறுகிறது.
ஒச்சம்மா, செக்கானூரணி, ஆறு வருஷ சர்வீஸ்,
கத்தரியைக் கீழே வைக்காமலே கேட்டாள்:
"இப்ப நானா?"

வாட்சைப் பைக்குள் போடப் பார்த்தேன்.
"எடு, எடு. எண்ணு.
வாஷருக்கு எத்தன செகண்டுன்னு மட்டும் எண்ணாத.
லைட்டு முதுகுக்குப் பின்னால எரியுது,
என் நெழல்லதான் வெட்டுறேன், அத எண்ணு.
கத்தரி போன பொங்கலுக்குச் சாணை பிடிச்சது.
பொம்பளைக கக்கூசு கடேசிச் சுவத்தோரம்,
போக வர நூத்தம்பது தப்படி.
அதுக்குப் பயந்தே தண்ணி குடிக்காம உக்காந்திருக்கோம்.
அதுக்கு ஒரு கட்டம் போடு."

எழுதப் போனேன். பென்சில் முனை மழுங்கியிருந்தது.
அவள் கத்தரியை நீட்டினாள்.
சீவிப் பார்த்தேன்,
மரத்தை நசுக்கியதே தவிர வெட்டவில்லை.
மொட்டை முனையாலேயே
முதல் வரியில் அதை எழுதினேன்.