பேசோக்

எங்கள் சமையலறை
தரையிலிருந்து ஆறடி உயரத்தில் நிற்கிறது.
அதற்கு அடியில் ஆ கியோங்,
வாயில் ஒரு திருகாணியைக் கடித்தபடி.

பதினெட்டு வருஷம் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிய வேன்.
இருக்கைகளைப் பிடுங்கி, மெத்தை விரித்து,
ஒற்றை அடுப்பும் மடக்கு மேசையும் வைத்து
"பெர்லிஸ் வரைக்கும் ஓடப்போகிற வீடு" என்றார்
என் வீட்டுக்காரர் தேவசகாயம்.
அது ஊத்தான் மெலிந்தாங் வரைக்கும் ஓடியது.

செம்பனைக் குலை ஏற்றிய லாரியை முந்தப் போய்
மூன்றாம் கியரில் ஒரு நறநறப்பு.
உள்ளே ஏதோ பல் உடைந்துவிட்டதாம்.
சாமான் ஈப்போவிலிருந்து வர வேண்டும்.
எப்போது வரும்?
"பேசோக்."
நாளை.

சைக்கிள் கடைக்கு மேலே அறை, நாற்பது வெள்ளி.
பட்டறையைப் பூட்டிய பிறகுதான் நினைவு வந்தது
பல் துலக்கும் பிரஷும் ஆறடி உயரத்தில் என்று.
புதிதாக இரண்டு வாங்கினோம்.
இரண்டும் பச்சை.
எது யாருடையது என்று ஒரு சிறு சண்டை.

ஜன்னலைத் திறந்தால் எண்ணெய் ஆலையின் வாசனை,
கருகிய வெல்லமும் ஈரச் சாக்கும் கலந்தாற்போல.
அவர் மூக்கைப் பொத்திக்கொண்டார்.
நான் முகர்ந்தேன்.
வேறு வேலை இல்லையே.

கடைத்தெருவை நடந்து முடிக்கப் பதினொரு நிமிடம்.
இரண்டாம் முறை ஒன்பது.
அடகுக்கடை, மருந்துக்கடை, இன்னோர் அடகுக்கடை.
கடைகளுக்கு மேலே ஜன்னல் இல்லாத நான்கு மாடி,
பறவைக் கூட்டுக்காகக் கட்டியது.
பகலெல்லாம் ஒலிபெருக்கியில் பதிவு செய்த கீச்சொலி:
வீடு இருக்கிறது வா, வீடு இருக்கிறது வா.
பொய்க்குரல்தான்.
சாயங்காலம் பறவைகள் நம்பி உள்ளே போயின.

இரண்டாம் நாளும் பேசோக்.

காசு போட்டால் சுழலும் சலவைக்கடையில்
எங்கள் நாலு துணிக்கு அந்த இயந்திரம் ரொம்பப் பெரிசு.
பக்கத்தில் தோட்டத்து வங்காளதேசப் பையன்,
கைப்பேசியில் ஒரு குழந்தையின் நெற்றி மட்டும் தெரிகிறது.
ஐந்து வெள்ளிக்குச் சில்லறை கேட்டான்.
எண்ணிக் கொடுத்தேன்.
என் சேலை சுற்றுவதை அவனும்
அவன் நீலச் சட்டை சுற்றுவதை நானும்
முப்பது நிமிடம் பார்த்தோம்.

பட்டறையில் டார்ச் பிடித்து நின்றார் என் வீட்டுக்காரர்.
வேலை ஒன்றும் நடக்கவில்லை, சாமான் வந்தால்தானே.
ஆ கியோங் வேறு யாருடைய காரையோ பார்த்தார்,
இவர் அதற்கும் டார்ச் பிடித்தார்.

ஒட்டுக்கடை யோகேஸ்வரி முதல் நாள்
"என்ன பசியாறுறீங்க" என்று கேட்டாள்.
மறுநாள், "அதேதானா?"
மூன்றாம் நாள் கேட்கவே இல்லை.
ரொட்டி சானாய் ஒன்று, சீனி குறைத்த தே சி.
மேசையில் வைத்துவிட்டுப் போனாள்.
எனக்கு லேசாகப் பயமாக இருந்தது.

அன்று மத்தியானம் ஒரு வெள்ளைக் கார் நின்றது.
கிளினிக் எங்கே என்று கண்ணாடியை இறக்கிக் கேட்டாள்,
மடியில் காய்ச்சல்காரப் பிள்ளை.
சிக்னல் தாண்டி, இரண்டாவது அடகுக்கடைக்கு இடப்பக்கம்,
டாக்டர் இரண்டரைக்குத்தான் வருவார்,
கதவைத் தட்டுங்கள், நர்ஸ் உள்ளேதான் இருப்பாள்.
கார் போனதும்
நானே என்னைத் திரும்பிப் பார்த்துக்கொண்டேன்.

நாலு மணிக்கு ஈப்போ பஸ்ஸில் வந்தது சாமான்,
பிஸ்கட் பெட்டிக்குள், பழைய சீனப் பத்திரிகை சுற்றி.
ஆறரைக்குச் சமையலறை தரைக்கு இறங்கியது.
எங்கள் பழைய பிரஷ்கள் குவளையில் அப்படியே.

ஆற்றுப் பாலம் தாண்டியதும் சட்டென்று சொன்னேன்:
"ஐயோ, இன்றைக்கு வியாழக்கிழமை.
பாசார் மாலாம் அந்தச் சாலையில்தானே.
அந்தப் பெண் எப்படிக் காரை வெளியே எடுத்திருப்பாள்?"

"எந்தப் பெண்?" என்றார்,
மூன்றாம் கியரை மெதுவாகப் போட்டு
காதைத் தாழ்த்திக் கேட்டுக்கொண்டே.