எட்டாயிரம் ஹெர்ட்ஸுக்கு மேல்

ஞாயிறு சாயங்காலம் குன்னூர் பெட்ஃபோர்டில்
டென்சிலின் பூட்டிய கடைக்குள் நாங்கள் நால்வர்.
ஷட்டர் முக்கால்வாசி இறங்கியிருக்கும்,
மிச்சக் கால்வாசியில் மஞ்சு உள்ளே வரும்.

காப்பர் அல்மனாக்கின் மூன்றாவது ஆல்பம் உசத்தியா
நான்காவதா என்கிற வழக்கு
பதினோரு வருடமாக வாய்தாவில் இருக்கிறது.
மூன்றாவதின் அட்டையில் நாரை.
நான்காவதில் வெறும் சாம்பல்.
சாம்பலில்தான் அந்த இருபத்திரண்டு நிமிடம் இருக்கிறது,
ஒரு பக்கம் முழுக்க ஒரே பாட்டு,
இது தங்கவேலாயுதத்தின் கட்சி.
அதில் பதினாலு நிமிடம்
ஆர்கன்காரன் வீட்டுச் சாவியைத் தேடுகிறான்,
இது டென்சில்.

எனக்குப் பிடித்தது
நாரையின் பின்பக்கத்தில் ஒரு மூன்றரை நிமிடப் பாட்டு.
சொன்னால்,
விருந்துப் பந்தியில் பிஸ்கட் கேட்டவளைப் பார்ப்பது போலப் பார்த்து
"அது ரேடியோவுக்காகப் போட்டது, சிஸ்டர்" என்பார்கள்.
நான் வர்க்கியை டீயில் நனைப்பேன்.

போன மாதம் சாம்பலின் ரீமாஸ்டர் வந்தது.
"கழுவிட்டானுங்க" என்றார் போஜன்.
"பித்தளைக் குடத்துக்குப் புளி போட்ட மாதிரி
தேய்ச்சுத் தேய்ச்சுக் கழுவிட்டானுங்க.
பழைய தட்டில், பதினோராம் நிமிஷம்,
சிம்பலை அடிச்சுக் கையை எடுத்த பிறகு
மணல் இறங்குற மாதிரி ஒண்ணு இருக்கும்.
எங்கே அது?"
மேசையைத் தட்டினார். ஊசி குதித்தது.

போஜனின் காதுகள் என் கிளினிக் இழுப்பறையில் இருக்கின்றன.
வலதுக்குச் சிவப்பு, இடதுக்கு நீலம்.
இரண்டு கோடும் நாலாயிரத்துக்கு வந்ததும்
கட்டபெட்டு வளைவில் பிரேக் போன லாரி.
முப்பத்தோரு வருடம் தேயிலை ஃபாக்டரியில்
சி.டி.சி. ரோலருக்குப் பக்கத்து நாற்காலி.
எட்டாயிரத்துக்கு மேல் அவருக்கு உலகம் கிடையாது.
மணல் இறங்குவதோ அங்கேதான்.

நோயாளி ரகசியம்.
இன்னொரு வர்க்கி எடுத்துக்கொண்டேன்.

"சிஸ்டர்கிட்ட அந்த சவுண்ட்ப்ரூஃப் பெட்டி இருக்கே,
கண்ணைக் கட்டிப் பார்த்துடுவோம்"
என்று கிளப்பியது தங்கவேலாயுதம்.
போனோம்.
கிளினிக் கேட்டை மறித்துக் காட்டெருமை ஒன்று நின்றதில்
இருபது நிமிடம் போயிற்று.
அதற்குள் பேஸ் கிட்டார் கனமா இல்லையா என்று
தனியாக ஒரு சண்டை.
எருமை கேட்டுக்கொண்டிருந்துவிட்டு,
எந்தக் கட்சியும் எடுக்காமல் இறங்கிப் போனது.

டென்சில் பெட்டிக்குள் தும்மினார்; செல்லாத ஓட்டு.
தங்கவேலாயுதம் இரண்டுமே ரீமாஸ்டர் என்றார்.
போஜன் கண்ணை மூடி உட்கார்ந்தார்.
தொடைமேல் விரல்கள்
தகிட தகதிமி
தகிட தகதிமி
ஏழேழாக நடந்துகொண்டிருந்தன.

நான் ஏன் அப்படிச் செய்தேன் என்று தெரியவில்லை.
உச்ச சுருதிகளை மொத்தமாக வெட்டிவிட்டேன்,
பழையதிலும், புதியதிலும்.
சிம்பலே இல்லாத பதினோராம் நிமிடம்.

சரியாக அந்த இடத்தில் பட்டனை அமுக்கினார்.

இரண்டாவது தட்டு.
விரல்கள் நடந்தன, இடம் வந்தது,
அமுக்கவில்லை.

வெளியே வந்து ஷூவுக்குள் காலை நுழைத்தபடி சொன்னார்:
"முதல்ல வந்தது பழசு. மணல் இருந்தது.
ரெண்டாவதுல இல்ல."
வரிசை சரி.
மணல் இரண்டிலும் இல்லை.

"யாருக்கு ஜெயம், சிஸ்டர்?"
"மெஷினில் காலிபரேஷன் கோளாறு" என்றேன்.
"அடுத்த ஞாயிறு பார்க்கலாம்."
வாய்தா.

படியிறங்கும்போதே நாரையா சாம்பலா என்று தொடங்கிவிட்டார்கள்.
போஜன் மட்டும் ஒரு படி பின்தங்கித் திரும்பி,
"அந்த மூன்றரை நிமிஷப் பாட்டு
ரீமாஸ்டர்ல நல்லாத்தான் வந்திருக்கு"
என்றார்,
முன்னே போகிற இரண்டு பேருக்கும்
எட்டாத குரலில்.