பாதகமின்றி

கடற்கரையில் ஏறிய ஐந்து நாற்பது வண்டி.
மாம்பலத்தில்தான் ஜன்னலோரம் கிடைத்தது.
காலையில் இட்ட நீறு வியர்வையில் பாதி அழிந்திருக்க
சிற்றம்பலம் கேட்டார்:
"தப்பா எடுத்துக்காதீங்க அருமைநாயகம்.
நல்ல மனுஷன், சரி. குரு, அதுவும் சரி.
கடவுள்னு எப்படி ஒத்துக்கிட்டீங்க?
முப்பது ரூபா பில்லுக்கே ஒரிஜினல் கேக்குற ஆளு நீங்க."

என் மடியில் அன்றைய கோப்பு:
மதுரவாயலில் கவிழ்ந்த மீன் வண்டி,
பதினாறு புகைப்படம்,
தாரில் உருகும் ஐஸ்.

இருபத்தாறு வருஷமாக நசுங்கிய தகரம் பார்க்கிறேன்.
மூன்று சாட்சி ஒரே வாக்கியம் சொன்னால்
அது ஒரே டீக்கடையில் எழுதியது.
கல்லறையில் வெள்ளுடையில் ஒருவர் என்கிறது ஓர் ஏடு,
இருவர் என்கிறது இன்னொன்று.
எனக்கு அங்கேதான் மூச்சு வந்தது.

அப்புறம்,
தன்மேல் தானே வழக்கெழுத யாருக்கும் கை வராது.
இவர்கள் எழுதினார்கள்: நாங்கள் ஓடிப்போனோம்.
மூத்தவன் குளிர்காய்ந்த நெருப்பருகே
ஒரு வேலைக்காரப் பெண்ணுக்குப் பயந்து
தெரியாது என்றான், ஒருமுறையல்ல.
முதலில் பார்த்தவர்கள் பெண்கள்;
பெண் சொல் சபையேறாத காலம்.
ஜோடிக்கிறவன் ஒரு நீதிபதியை நிறுத்தியிருப்பான்.

தெய்வம் ஒன்றே என்று பால்குடியிலிருந்து ஓதியவர்கள்,
மனிதனை வணங்கினால் நாக்கு அழுகும் என்று நம்பியவர்கள்,
கூட உட்கார்ந்து மீன் தின்ற ஒருவனை வணங்கினார்கள்.
லாபம்? கல்லடி.

சைதாப்பேட்டை. கூடையோடு ஒரு பூக்காரம்மா ஏறினார்.
கால் மடக்கி இடம் விட்டோம்.

"கட்டிலோடு இறக்கிய முடவனிடம்
உன் பாவம் தள்ளுபடி என்றாராம்.
தள்ளுபடியில் கையெழுத்து கம்பெனிக்குத்தான், இல்லையா?
நானோ நீங்களோ போட்டால் வேலை போகும்.
அவர் போட்டார்.
ஒன்று, அவர் மோசடிக்காரர்.
இல்லையென்றால்…"
கிண்டியில் கூட்டம் ஏறி அந்த வாக்கியத்தை மிதித்தது.

நான் மறுபடி தொடங்கினேன்:
"திருட்டு வண்டிக்குத்தான் புதுப் பெயிண்ட்.
சாவிலிருந்து எழுந்தவர்
ஆணி போன இடத்தை அடைக்கவில்லை.
விலாவில் டிங்கரிங் இல்லை.
கதை கட்டியவன் முதலில் அதைத்தான் சரிசெய்திருப்பான்."

சிற்றம்பலம் சிரிக்கவில்லை. மெதுவாகச் சொன்னார்:
"எங்க சாமிக்கும் தொண்டையில நீலம் இருக்கு."

ஒரு ஸ்டேஷன் தூரம் நான் பேசவில்லை.
அந்த நீலத்தின் முன் என்ன பேச?
என்னிடம் இருப்பது
ஞாயிறுதோறும் அறிக்கையில் நாங்கள் சொல்லும்
ஒரு ரோம அதிகாரியின் பெயர்.
எஃப்ஐஆரில் ஆய்வாளர் பெயர் வருவதுபோல
எங்கள் கடவுளின் கதையில்
இன்னாருடைய காலத்தில் என்று ஒரு வரி வருகிறது.

பரங்கிமலை, மேலே முதல் விளக்கு.
தோமையார் இங்கே ஈட்டி வாங்கினார் என்கிறார்கள்.
அதற்கு என்னிடம் ரசீது இல்லை.
ஆனால் அவர் எங்கள் தொழில்காரர்:
கேள்விப்பட்டதை எழுதமாட்டேன், இடத்தைக் காட்டு என்றவர்.
காட்டினார்கள். விரல் வைத்தாரா,
ஏட்டில் அது இல்லை.
ஆண்டவர் என்று ஒரு சொல், தெய்வம் என்று ஒரு சொல்,
அதோடு ஆய்வு முடிந்தது.

ரயிலில் நான் சொல்லாதது ஒன்று.
கீழ்ப்பாக்கம் பிணவறை வாசலில்
என் ஜெபசிங்கின் ஹெல்மெட்டை
நீங்கள்தான் வாங்கி வைத்துக்கொண்டீர்கள், சிற்றம்பலம்.
அன்று எனக்கு வாதம் எதுவும் ஞாபகம் வரவில்லை.
காயமில்லாத ஒரு கடவுள் வந்திருந்தால்
போய்விட்டு அப்புறம் வா என்றிருப்பேன்.
இது சாட்சியத்தில் சேராது. தெரியும்.

குரோம்பேட்டையில் இறங்கும்போது
"மீன் வண்டி ஃபைல நாளைக்கு முடிச்சிருங்க" என்றார்.
தோளில் ஒரு தட்டு தட்டினார்.

இரவில் முடித்தேன்.
எல்லா அறிக்கையின் அடியிலும் ஒரு வரி உண்டு:
இது யாருடைய உரிமைக்கும் பாதகமின்றி வழங்கப்படுகிறது,
பின்னால் திருத்தத்துக்கு உட்பட்டது.
நாளை மாறினால் என் தலை தப்பிக்க.
மீன் வண்டிக்கு அதை அடித்தேன்.

மற்றதற்கு
அந்த வரி இல்லாமலே
கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.