எண் ஒன்றை எழுதுக

கேள்வி என்னுடையது. ஒரே வரி:
தன் வர்க்கத்தைவிடப் பெரிய எண் ஒன்றை எழுதுக.
கீழே நான்கு வட்டங்கள் கிடையாது.
வெறும் பெட்டி, அதில் துடிக்கும் ஒரு கோடு.

எழுதி அனுப்பிய அன்று
கொஞ்சம் கர்வமாகத்தான் இருந்தது.
பூஜ்யத்துக்கும் ஒன்றுக்கும் நடுவே
எதைச் சொன்னாலும் சரி.
நுழைவுத் தேர்வு என்ற முட்டுச்சந்தில்
ஒரு பொட்டலைத் திறந்துவிட்ட மாதிரி.

சனிக்கிழமை ராத்திரி, நாகமலைப் புதுக்கோட்டை,
கல்லூரியின் இரண்டாம் மாடி ஆய்வகம்.
கரண்ட் போய் ஜெனரேட்டர் உறுமியதில்
மலைப்பக்கம் ஒரு மயில் அதட்டியது.
பாக்கியசீலன் பரோட்டாப் பொட்டலத்தை
கீபோர்டு மேலேயே பிரிக்கப் பார்த்தான்.
"ஆயிரத்து எண்ணூத்தி நாப்பத்தாறு பேர், மேடம்.
பேர் வராது. நம்பர் மட்டும்தான்."

ஆயிரத்துச் சொச்சம் பேர் அரை.
நானும் அதைத்தான் போட்டிருப்பேன்,
நடுவில் நின்றால் எந்தப் பக்கமும் விழ முடியாது.
கால் போட்டவர்கள் நூறு நூற்றைம்பது.
ஒரு பிள்ளை 0.37.
ஏன் முப்பத்தேழு? கதவு எண்ணா,
காலையில் தொங்கிக்கொண்டு வந்த டவுன் பஸ்ஸா?
கேட்க முடியாது. விடைக்குத்தான் பெட்டி,
காரணத்துக்கு இல்லை.

ஒருத்தி (ஒருத்தி என்று நானாக வைத்துக்கொண்டேன்)
பெட்டி கொள்ளுமட்டும் பூஜ்யமாகத் தட்டி
கடைசி இடத்தில் ஒரு ஒன்றை நிறுத்தியிருந்தாள்,
தெருக்கோடி வீட்டில் மட்டும் லைட் எரிகிற மாதிரி.
அதற்கு நேரே சிவப்பு: தவறு.

தவறா?

இன்னொரு சிவப்பு, 0.999.
இன்னொன்று, உசிலம்பட்டி மையம்: 1/320.
முந்திரி!
பழைய கீழ்வாய்க் கணக்கில்
முந்நூற்றிருபதில் ஒரு பங்குக்கு அதுதான் பெயர்.
எங்கே பிடித்தாய் இதை நீ?
தன் வர்க்கத்தைவிட
முந்நூற்றிருபது மடங்கு பெரிய எண் அது.
தவறு என்கிறது திரை.

பாக்கியசீலன் நிரலைத் திறந்து காட்டினான்.
விடையை இரண்டு தசமத்துக்குச் சுருக்கிய பிறகே
திருத்துகிறது இயந்திரம்.
முந்திரி 0.00 ஆகிவிட்டது.
0.999 நிமிர்ந்து ஒன்றாகிவிட்டது.
ஓரம்வரை போய்ப் பார்த்தவர்களை எல்லாம்
அலேக்காகத் தூக்கி வேலிக்கு மேல் உட்காரவைத்திருக்கிறது.
பதினோரு பேர்.
"இரண்டு தசமம்னு யார் சொன்னது?"
பேசாமல் படிவத்தை என் பக்கம் திருப்பினான்.
என் கையெழுத்து. தேதியோடு.

பெங்களூர் கம்பெனிக்காரன் போனில் கொட்டாவி விட்டான்.
பதினோரு பேர்தானே மேடம்,
காலை பத்து மணிக்கு ரிசல்ட்.
பதினொன்றையும் தாளில் எழுதி
ஒவ்வொன்றுக்கும் வர்க்கம் போட்டேன்.
தேவையே இல்லாத வேலை,
பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி, அடித்தல் திருத்தலோடு.
கீழே இன்னொரு கையெழுத்து.
போட்டோ பிடித்து அனுப்பினேன்.
இரண்டு டிக் விழுந்தது. நீலமாகவில்லை.

பையை எடுக்கும்போதுதான் அவன் கேட்டான்:
"1 போட்டவங்க நாப்பத்திமூணு பேரு மேடம்.
நாம அதானே கேட்டிருக்கோம்?
'எண் ஒன்றை எழுதுக.'"

கிண்டல் என்று நினைத்து முகத்தைப் பார்த்தேன்.
இல்லை.

நான் சொன்ன ஒன்று ஏதோ ஒன்று.
அவர்கள் படித்த ஒன்று, 1.
சிலர் யோசிக்காமல் போட்டிருப்பார்கள்,
சிலர் சொன்னதைச் செய்திருப்பார்கள்,
பெட்டியில் எல்லாரும் ஒரே மாதிரி
ஒற்றைக் காலில் நிற்கிறார்கள்.
கணக்கில் தப்பு. சரி.
தமிழில்?

திரும்ப உட்கார்ந்தேன்.
நாற்பத்துமூன்று வரிகள், ஒரே எண்.
பாக்கியசீலன் சால்னாப் பையின் முடிச்சை
நகத்தால் நெம்பிக்கொண்டிருந்தான்.
அவிழ மாட்டேனென்றது.
"பல்லால கடிச்சிரவா, மேடம்?"