குறிப்பேடு

கிரிஃபித் பாசனச் சங்கத்தில்
பதினொரு வருடம்
மேசையின் இந்த மூலைதான் எனக்கு.
கையெழுத்து அழகாம்.
மதகு திறக்கும் நாளைக் கொலின் சொன்னது,
புரூனோ மறுத்தது,
இருமலைத் தவிர எல்லாம் எழுதினேன்.
நான் சொன்னதை எழுதத்தான்
கை ஒழியவில்லை.

மழை பொய்த்த வருடம்
கடைமடைக்குத் தண்ணீர் எட்டாதபோது
முறைவைத்துப் பங்கிட்டது
நானும் திராட்சைத் தோட்டத்து லொரேனும்.
இரவு இரண்டு மணி, டார்ச் வெளிச்சம்,
பூட்ஸுக்குள் சேறு.
அது எந்தப் பக்கத்திலும் இல்லை.

நேற்றுக் கை தூக்கினார்கள்.
பதினேழுக்குப் பதினாறு.
தலைவர் நாற்காலிக்கு ஒரு கால் ஆடுகிறது,
இத்தனை நாள் ஒருவரும் சொல்லவில்லை.

குறிப்பேட்டைப் புரூனோ பக்கம் தள்ளினேன்.
பேனாவைத் திறந்துவிட்டு நிமிர்ந்தார்:
"உங்கள் பெயரை எப்படி எழுதுவது?"

யோகமலர்.
அவசரமில்லை,
சொல்லச் சொல்ல எழுதுங்கள்.