பாதை

குருமண்வெளித் துறையில் பாதை என்றால் தெரு இல்லை.
மிதவைகளுக்கு மேல் பலகை அடித்து
இயந்திரம் பூட்டிய ஒரு தட்டு.
மாலை ஐந்தே முக்காலுக்கு அதில்
பதினேழு மோட்டார் சைக்கிள், ஒரு ஐஸ் பெட்டி,
உரம் மூன்று மூட்டை, கால் ஒடிந்த கதிரை ஒன்று, நான்.

ஆள் நகர இடமில்லை. காசு நகர்ந்தது.
நான் நீட்டிய பத்து ரூபாய்க் குற்றியில்
மகள் தொட்டுவைத்த நகச்சாயம், சிவப்பாய் ஒரு புள்ளி.
வாங்கிய ஹெல்மெட்காரர் அதைச் சட்டைப் பையில் போட்டு
கையில் இருந்த தன் குற்றியை முன்னே கொடுத்தார்.
அதை வாங்கியவளும் அப்படியே,
தன் முடிச்சை அவிழ்த்து வேறொன்றை.
கடைசியில் தவநேசன் கைக்குப் போனது
ஆருடையதோ, புதுசு, பளபளவென்று.
தூரத்திலிருந்து என்னைப் பார்த்துத் தலையாட்டினார்.

என் காசு போகவில்லை.
என் கட்டணம் போய்விட்டது.

தண்ணீருக்குள் ஒரு புரோத்தனை மிகையாய் விட்டால்
அது நீந்துவதில்லை.
பக்கத்து மூலக்கூறு அதை வைத்துக்கொண்டு
தன்னிடமிருந்த ஒன்றை அடுத்ததற்குத் தள்ளும்.
அடுத்தது இன்னொன்றை.
ஒரு பிக்கோ செக்கன், இரண்டு, ஒரு கைமாற்றம்.
மறுகோடியில் விழுவது வேறு புரோத்தன்.
சோடியம் பாவம்,
தன் உடம்பைத் தானே தூக்கிக்கொண்டு
கூட்டத்தை இடித்து இடித்துப் போகும்.

வந்தாறுமூலையில் என் கணினிக்குள்
இருபத்தொரு நீர் மூலக்கூறுகள் கூடிய ஒரு கொத்து,
எங்கோ ஒரு புரோத்தன் கூட.
நேற்று மின்சாரம் போனதில்
பதினொரு மணித்தியாலக் கணிப்பு அழிந்து
இன்று முதலில் இருந்து.
ஜெயலவன் பிளேன்ரீயோடு எட்டிப் பார்க்கிறான்.
"மிஸ், இப்ப எங்க நிக்குது?"
ரெண்டு ஒட்சிசனுக்கு நடுவில.
"நடுவில எண்டா, ஆற்ற?"

கேள்வி பிழை என்று சொல்ல வாயெடுத்து
சொல்லாமல் விட்டேன்.
எங்களிடமும் கேட்டார்கள் இதை,
அடையாள அட்டையைத் திருப்பித் திருப்பி:
எழுவானா, படுவானா?

பக்கத்துத் திரையில் ஒரு சின்ன மூலக்கூறு, மலோனல்டிகைட்டு.
இந்தப் பக்கம் ஒரு பள்ளம், அந்தப் பக்கம் ஒரு பள்ளம்,
இடையில் மேடு.
மேட்டில் ஏற ஐதரசனுக்குச் சக்தி காணாது.
ஆனாலும் பாருங்கள், மறு பள்ளத்தில் இருக்கிறது.
ஏறவில்லை, இறங்கவில்லை,
உச்சியில் கண்டதாய் ஒரு சாட்சி இல்லை.

அண்ணன் அப்படித்தான்.
தொண்ணூற்றொன்றில் ஒரு இரவு
குருமண்வெளியில் சோறு தின்றான்.
விடிய மண்டூரில் பல் தீட்டிக்கொண்டு நின்றான்.
சோதனைச் சாவடிக் கொப்பியில் பெயர் இல்லை.
சாரம் நனைந்திருந்ததா என்றுகூட நினைவில்லை என்கிறாள் மாமி.
இப்போது களுவாஞ்சிகுடியில் காப்புறுதி விற்கிறான்.
எப்படிக் கடந்தாய் என்று எத்தனை தரம் கேட்டாலும்
ஒரு படிவத்தை நீட்டிச் சிரிக்கிறான்.

அம்மாவால் முடியவில்லை.

ஐதரசனை எடுத்துவிட்டுத் தூத்தேரியம் வைத்துப் பார்த்தேன்.
அதே ஏற்றம், அதே மேடு,
உள்ளே ஒரு நியூத்திரன் மட்டும் கூட.
அவ்வளவுதான் பாரம்.
கடக்கும் வேகம் ஏழில் ஒன்றாய் விழுந்தது.

அம்மாவிடம் ஒரு தையல் மெஷின் இருந்தது.

மண்டூரில் பலகை தட்டி நின்றது.
என் சிவப்புப் புள்ளி ஹெல்மெட்காரரோடு இறங்கி
வெல்லாவெளிப் பக்கம் புகைவிட்டுப் போய்விட்டது.
மகள் கேட்டால், கட்டியாச்சு என்பேன்.
கால் ஒடிந்த கதிரையை
தலைக்கு மேலால் ஆளுக்கு ஆள் மாற்றி
கரையில் வைத்தார்கள்.

ஏறிய அதே கதிரை.