கம்பிப் பதம்

நூறு பங்குக்கு முப்பது பங்கு.
கறுப்புப் பிசினில் கெட்டியாக்கியை ஊற்றிய பிறகு
நாற்பது நிமிடம் நமக்கு உண்டு.
அதற்கு மேல் அது யார் சொல்லும் கேட்காது.

பிரெஸ்ட் துறைமுகத்தின் பின்தெருவில்
மீன்வலை விற்கும் கடைக்கு மேலே எங்கள் பட்டறை.
ஜன்னலில் எப்போதும் மழை.
ஈரப்பதமானி நாற்பதைத் தாண்டினால்
மாயிவென் யாரையும் பேச விடமாட்டாள்.
மூச்சும் தண்ணீர்தான் என்பாள்.

அவசரமாய்க் கலக்கினால் காற்று புகும்.
காற்று புகுந்தால் குமிழி,
குமிழி என்றால் காலி அறை,
காலி அறைக்கு யாராவது குடிவருவார்கள்.
அதனால் வெற்றிடக் குடுவைக்குள் வைத்துப் பம்பைத் தட்டுவேன்.
புளித்த தோசைமாவாய்ப் பொங்கி
விளிம்புவரை வந்து மிரட்டிவிட்டு
பொத்தென்று அமரும்.
அந்த ஒரு அமர்தலுக்காகத்தான்
ஏழு வருடமாய் இங்கே இருக்கிறேன் போல.

ஊற்றி மூடுவது கட்டைவிரல் அகலப் பலகை ஒன்றை.
பத்து நிமிடத்துக்கு ஒருமுறை
கடலின் சூட்டையும் உப்பையும் சொல்லும்.
கேட்பவர் கெர்வெல்லா. சிப்பி வளர்ப்பவர்.

சிப்பி என்றதும் முத்து என்று ஆரம்பிக்காதீர்கள்.
இவை எலுமிச்சை பிழிந்து உயிரோடு விழுங்குபவை.
உள்ளே வந்ததைப் பூசிப் பூசி மூடும் வேலை
இவற்றுக்கு இல்லை, எனக்குத்தான்.

மார்ச்சில் பதினேழாம் எண்
தண்ணீர் அறுபத்தொரு டிகிரி என்றது.
கெர்வெல்லா தொலைபேசியில் சிரித்தார்:
என் சிப்பியெல்லாம் வெந்துவிட்டது,
வெண்ணெய் எடுத்துக்கொண்டு வாருங்கள்.
மூன்றாம் நாள் அது வாயை மூடியது.
அவரும் சிரிக்கவில்லை.

வற்றுநீரில் பிடுங்கி, சேறோடு,
மளிகைப் பையில் போட்டு
எங்கள் மேசைமேல் வைத்தார்.
அடியில் தேதி, தொகுதி எண்,
என் கையெழுத்து.

ரம்பத்தில் கொடுத்து இரண்டாய் அறுத்தோம்.
குமிழி இல்லை. விரிசல் இல்லை.
பலகையும் பிசினும் நகமும் சதையுமாய்.
ஆனாலும் நடுவே, கேபிள் வந்து சேரும் முனையில்,
ஒரு பச்சை.
கிணற்றில் கிடந்த செப்புக்காசின் பச்சை.

மாயிவென் என்னைப் பார்த்தாள்.
நான் கேபிளைப் பார்த்தேன்.

பன்னிரண்டு மீட்டர்.
மறுகோடியில், உறையில், ஒரு கீறல்.
நண்டோ கல்லோ
கெர்வெல்லாவின் சொந்தக் கத்தியோ.
உறைக்குள் பத்தொன்பது செம்பிழைகள் முறுக்கிக் கிடக்கின்றன.
இழைக்கும் இழைக்கும் நடுவே
மயிரும் நுழையாத சந்து.
நான் காவல் வைத்த எந்தப் பக்கமும் வராமல்,
பேசட்டும் என்று விட்டுவைத்த ஒரே வழியில்,
திரிக்குள் எண்ணெய் போவதுபோல்
நாளுக்கு ஒரு சாணாய்
நடந்து வந்திருக்கிறது கடல்.
ஜனவரியில் இறக்கினோம்.
விரல்விட்டு எண்ணினேன். கணக்கு உதைக்கவில்லை.

அப்போ பிசின் நல்ல பிசின்தான், என்றார் கெர்வெல்லா.
நல்லதுதான்.
என் எண்கள் போனது போனதுதான்.
போனதுதான்.

பாகில் கம்பிப் பதம் பார்க்கத் தெரியும் எனக்கு.
விரல்களை விலக்கினால் அறுபடாமல் ஒரு நூல் நிற்க வேண்டும்.
இங்கே பதம் வேறு.
பிசின் ஊற்றுமுன் உறையை இரண்டு விரற்கடை உரித்து,
முறுக்கைப் பிரித்து,
பத்தொன்பதும் ஒன்றாகும்வரை
ஈயத்தை உருக்கி உள்ளே விட வேண்டும்.
அந்த இரண்டு விரற்கடைக்குக் கம்பி
தான் இழைகள் என்பதை மறக்கும்.
சேதி கடக்கும்.
தண்ணீர் வந்து சுவரில் முட்டிக்கொண்டு நிற்கும்.
அங்கேயே நிற்கட்டும்.

பதினெட்டாம் எண் நேற்று இறங்கியது.
பதினோரு டிகிரியாம்.

அறுத்ததில் ஒரு பாதி
என் மேசையில், தாள் பறக்காமலிருக்க.
மறுபாதியை
எதற்கென்று சொல்லாமல்
கெர்வெல்லா கேட்டு வாங்கிப் போனார்.
கைக்குட்டையில் சுற்றி,
மழையில் நனையாதபடி.